ஆற்காடு மக்கன் பேடாவும் காத்திருக்கத் தெரிந்த உப்பும்

மக்கன் பேடா செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. அரைக் கிலோ கோவாவில் செய்தால் எல்லாம் ஒழுங்காக வரும். ஐந்து கிலோவுக்குப் போனால், முதல் ஈடுகளில் பொரிந்தவை நன்றாக உப்பி, பாகை உள்வரை இழுத்துக்கொண்டு, விரலால் அழுத்தினால் அமுங்கும். கடைசி ஈடுகளில் எண்ணெய்க்குப் போனவை நடுவில் கெட்டியாக, பாகு எட்டாத கட்டியோடு நிற்கும். மாவு ஒன்று, எண்ணெய் ஒன்று, பாகு ஒன்று. மாறியது உருண்டை தட்டில் காத்திருந்த நேரம் மட்டும்.

வேலூர்ப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். மக்கன் பேடா குலாப் ஜாமூனுக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் பெரியது, சற்றுத் தட்டையானது, உள்ளே முந்திரி, பாதாம், சாரைப்பருப்பு, உலர்திராட்சை, ஏலக்காய் என்று பூரணம் வைத்தது. நவாப் காலத்துப் பண்டம் என்று ஊரில் சொல்வார்கள். பூரணம் வைத்து விரிசல் இல்லாமல் மூடவேண்டும் என்பதால் ஒவ்வொரு உருண்டைக்கும் நேரம் பிடிக்கும். இரண்டு பேர் உட்கார்ந்தாலும் ஐந்து கிலோ கோவா மாவை உருட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வீட்டிலேயே செய்வதென்று முடிவானது. செய்முறை அண்ணியுடையது. அவர் கையில் வரும் பக்குவம் எனக்கு வராது. நான் வேதியியல் படித்தவன் என்பதால் இந்தக் கடைசி ஈடு விவகாரம் என்னிடம் வந்தது. "தம்பி, ஆப்ப சோடாவைக் கொஞ்சம் தூக்கலா போட்டா கடைசில போறதும் உப்பும்ல?" என்று அண்ணி கேட்டார். உப்பும். ஆனால் அதற்கு விலை உண்டு.

கோவாவில் முப்பது சதவீதம் போல ஈரம் இருக்கிறது, பாலின் லேசான புளிப்பும் இருக்கிறது. ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், அந்த ஈரத்தில் கரைந்ததும் புளிப்போடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விட ஆரம்பிக்கிறது. பிசையும்போதே பாதி வேலை தொடங்கிவிடுகிறது. தட்டில் உட்கார்ந்திருக்கும் உருண்டையிலிருந்து அந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. மீதமிருக்கும் சோடா எண்ணெயின் சூட்டில் தானாகவே சிதையும். ஆனால் அப்போது மிஞ்சுவது சோடியம் கார்பனேட், நாம் சலவைச் சோடா என்று சொல்வது. சோடாவைத் தூக்கலாகப் போட்ட பேடாவில் சவுக்காரச் சுவை வருவது இதனால்தான். காரத்தன்மை கூடினால் பால் புரதமும் சர்க்கரையும் சீக்கிரம் சிவக்கும், அதனால் உள்ளே வேகுமுன் வெளியே கறுக்கும். இன்னும் அதிகமானால் உருண்டை எண்ணெயிலேயே பிரிந்து கரைந்துபோகும்.

எனவே எங்களுக்குத் தேவைப்பட்டது கூடுதல் வாயு அல்ல. மாவு தட்டில் இருக்கும்வரை பேசாமல் இருந்து, எண்ணெய்க்குள் போனதும் வேலை செய்யும் ஒரு அமிலம். தயிரும் எலுமிச்சையும் காத்திருக்காது. டார்ட்டாரிக் வகை அமிலங்களும் ஈரம் பட்டவுடன் முடித்துவிடும். இந்த இடத்துக்கென்றே இருப்பவை பாஸ்பேட் உப்புகள்.

பேக்கிங் பவுடரில் பாஸ்பேட் வந்த கதை பழையது. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த எபன் ஹார்ஸ்ஃபோர்டு 1856 இல் மோனோகால்சியம் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். எலும்பைக் கந்தக அமிலத்தில் கரைத்து அதை எடுத்தார்கள். நம் பக்கத்துக்கும் இதே மூலக்கூறுக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1906 இல் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் உர ஆலை தொடங்கியது. இந்தியாவின் ரசாயன உரத் தொழில் ஆரம்பித்த இடம் என்று அதைச் சொல்வார்கள். அந்த உரத்தில் பயிருக்குப் பயன்படும் பொருள் இதே மோனோகால்சியம் பாஸ்பேட்தான், கூடவே ஜிப்சமும் இருக்கும். மூலக்கூறு ஒன்று என்பதற்காக உரத்தை யாரும் சமையலறைக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. பாறைப் பாஸ்பேட்டில் ஃபுளோரைடும் காட்மியம் போன்ற உலோகங்களும் கலந்து வரும், உரத் தயாரிப்பில் அவற்றை நீக்குவதில்லை. உணவுத் தரம் என்பது தனியாகச் சுத்திகரித்த பாஸ்பாரிக் அமிலத்திலிருந்து செய்வது.

மோனோகால்சியம் பாஸ்பேட் எங்களுக்கு ஒத்துவராது என்பது படிக்கும்போதே தெரிந்தது. அது ஈரம் பட்டதும் பெரும்பகுதி வாயுவை விட்டுவிடும். கேக் மாவு அடிக்கும்போது சின்னக் குமிழ்களை உண்டாக்க அது நல்லது, ஒரு மணி நேரம் காத்திருக்கும் உருண்டைக்கு நல்லதில்லை. டைகால்சியம் பாஸ்பேட் டைஹைட்ரேட் இதற்கு நேரெதிர், அறுபது டிகிரிக்குப் பக்கத்தில் போனால்தான் விழிக்கும். பேடாவின் மேல் தோல் அதற்குள் இறுகிவிடும், பிறகு வரும் வாயு தோலை வெடிக்கவைக்கும். சோடியம் அலுமினியம் பாஸ்பேட்டும் மெதுவானதுதான், ஆனால் அலுமினியம் உள்ளதை வீட்டுப் பண்டத்தில் போட எனக்கு மனமில்லை.

மிஞ்சியது சோடியம் ஆசிட் பைரோபாஸ்பேட். லேபிளில் ஐ.என்.எஸ். (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண்) 450 என்று வரும் குடும்பத்தைச் சேர்ந்தது. மோனோசோடியம் பாஸ்பேட்டை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், இரண்டு மூலக்கூறுகள் ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஒன்றாகக் கைகோக்கும். அந்த ஜோடிதான் பைரோபாஸ்பேட். இன்னும் சூடேற்றினால் சங்கிலி நீண்டு, கடைசியில் கண்ணாடி போன்ற பாலிபாஸ்பேட் ஆகும். ஒரே பாஸ்பாரிக் அமிலம் இப்படி மூன்று வகை உப்புகளைத் தருவதைத் தாமஸ் கிரஹாம் 1833 இலேயே பிரித்துக் காட்டினார்.

இந்த உப்பிலும் தரங்கள் உண்டு. பொட்டலத்தில் 28, 40 என்று ஒரு எண் இருக்கும். குறிப்பிட்ட மாவில் எட்டு நிமிடத்தில் எத்தனை சதவீத வாயு வெளியேறும் என்பதே அந்த எண். 28 மெதுவானது, 40 வேகமானது. நான் 28 வாங்கினேன். வேலூர் லாங் பஜாரில் பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் தயார் பேக்கிங் பவுடர் தாராளமாகக் கிடைக்கிறது, இது தனியாக இல்லை. இணையத்தில் வரவழைத்தேன். வாங்கும்போது உணவுத் தரம் என்ற குறிப்பும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பொட்டலத்தில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள். ஆய்வகத் தரம் என்று வருவது வேறு.

எவ்வளவு போடுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நூறு பங்கு அமில உப்பு எத்தனை பங்கு சோடாவைச் சமன் செய்யும் என்பதை நடுநிலையாக்கும் மதிப்பு என்பார்கள். இந்த உப்புக்கு அது 72, மோனோகால்சியம் பாஸ்பேட்டுக்கு 80. ஒரு கிராம் சோடாவுக்கு 1.4 கிராம் பைரோபாஸ்பேட் போதும். ஒரு கிராம் சோடா முழுக்க வினைபுரிந்தால் நம் ஊர் வெக்கையில் 295 மில்லி வாயு வரவேண்டும். இதைச் சமையலறையில் அளந்து பார்க்க முடியும் என்பதால் அளந்தேன்.

கோவாவை வீணாக்க வேண்டாம் என்று மைதாக் கரைசலில் செய்தேன். அகன்ற வாய்ப் பாட்டில், மூடியில் துளையிட்டுச் செருகிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய், குழாயின் மறுமுனை தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த 500 மில்லி அளவு ஜாடிக்குள். தொட்டியில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் விட்டேன், ஏனென்றால் குளிர்ந்த நல்ல தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரைந்து கணக்கில் வராமல் போகும். எடை போட நகைக்கு வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு. பிறகு பாட்டிலைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி மீதியை அளப்பது. சூட்டில் பாட்டிலுக்குள் இருக்கும் காற்றும் விரியும் அல்லவா, அதற்காக சோடா போடாத மாவை வைத்து அதே மாதிரி சூடாக்கி, வந்த அளவைக் கழித்தேன்.

தயிரோடு கலந்த சோடா நான் மூடியைத் திருகுவதற்குள் குமிழ்விட ஆரம்பித்தது. மூடிய பிறகும் இரண்டு நிமிடத்தில் 150 மில்லியைத் தாண்டியது, அப்புறம் அடங்கிவிட்டது. மோனோகால்சியம் பாஸ்பேட்டும் முதல் சில நிமிடங்களில் 180 வரை வேகமாக ஏறி நின்றது, சூடாக்கியபோது கொஞ்சம் கூடியது. பைரோபாஸ்பேட் எட்டாவது நிமிடத்தில் 80 மில்லிக்கு அருகில் இருந்தது. அரை மணி நேரம் விட்டும் நூறைக் கொஞ்சம்தான் தாண்டியது. சுடுதண்ணீரில் இறக்கியதும் ஜாடியில் நீர்மட்டம் சரசரவென்று இறங்கி, மொத்தம் 240ஐ ஒட்டி நின்றது. அடுப்படியில் நின்றபடி பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கோவாவில் இது இன்னும் நன்றாகவே காத்திருக்கும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கால்சியம் இருக்கும் இடத்தில் பைரோபாஸ்பேட்டின் வினை மேலும் மந்தமாகும். பால்பொடி சேர்த்த மாவில் பேக்கரிக்காரர்கள் நம்பும் குணம் இது. கோவா என்பது கால்சியம் செறிந்த பால்தானே.

அடுத்து மாவு. அரைக் கிலோ சர்க்கரை சேர்க்காத கோவா, 150 கிராம் மைதா, இரண்டு கிராம் சோடா. இது அண்ணியின் அளவு, நான் அதை மாற்றவில்லை. இரண்டு கிராம் சோடாவுக்குக் கணக்குப்படி 2.8 கிராம் பைரோபாஸ்பேட் வரும். முழு அளவும் போட்ட மாவில் பேடா உப்பியது, ஆனால் நிறம் வெளிறி இருந்தது, வெகுநேரம் பொரித்தும் அந்தச் செம்பழுப்பு வரவில்லை. காரணம் கோவாவே ஒரு பகுதி சோடாவைச் சமன் செய்துவிடுகிறது, அதற்கு மேல் முழு அமிலமும் போட்டால் மாவு புளிப்புப் பக்கம் சாய்கிறது. அளவை இரண்டு கிராமுக்குக் குறைத்தேன். அது 1.4 கிராம் சோடாவைப் பார்த்துக்கொள்ளும், மீதியைக் கோவா பார்த்துக்கொள்ளும். நிறம் திரும்ப வந்தது.

சோடா மிஞ்சுகிறதா என்று பார்க்க மஞ்சள் போதும். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் தடவிக் காயவைத்தால் சோதனைக் காகிதம் தயார். பாகில் போடாத பேடாவை வெட்டி, நடுப்பகுதியை ஒரு சொட்டுத் தண்ணீரோடு அதில் அழுத்தினால், காரம் மிஞ்சியிருந்தால் காகிதம் சிவப்பேறும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தட்டு சிவப்பதும் இதே வினைதான். அண்ணியின் அளவில் சோடா மட்டும் போட்ட பேடா லேசாகச் சிவக்கவைத்தது, தூக்கலாகப் போட்டது நன்றாகவே சிவக்கவைத்தது. இரண்டுக்கு இரண்டு போட்டதில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

கலக்கும் முறையில் ஒன்று முக்கியம். சோடாவையும் பைரோபாஸ்பேட்டையும் தண்ணீரில் கரைத்து ஊற்றக் கூடாது. இரண்டையும் மைதாவோடு சேர்த்து நன்றாகச் சலித்து, பிறகு மசித்த கோவாவில் கலந்து மெதுவாகப் பிசையவேண்டும். மாவு சேர்வதற்குத் தெளிக்கும் தண்ணீர் போர் தண்ணீராக இருக்கவேண்டாம். எங்கள் பக்கம் போர் தண்ணீர் கடினமானது, அதிலுள்ள பைகார்பனேட் இந்தச் சின்ன அளவுக் கணக்கைக் கலைக்கும். காய்ச்சிய பால் ஒரு கரண்டி தெளித்தால் போதும்.

எண்ணெய் 130 டிகிரியைச் சுற்றி. குச்சி வெப்பமானி வைத்துப் பார்த்தேன். இல்லாதவர்கள் அண்ணி செய்வதுபோல ஒரு துளி மாவைப் போட்டு, அது அடியில் கொஞ்சம் தங்கிவிட்டு மெல்ல மேலே வருகிறதா என்று பார்க்கலாம். எண்ணெய் அதிகம் காய்ந்தால் எந்த உப்பும் உதவாது, தோல் முதலில் இறுகிவிடும். பாகு கம்பிப் பதத்துக்கு முன்னால், பிசுபிசுப்பில் நிறுத்தியது. பேடாவை எடுத்து எண்ணெய் வடிந்ததும் வெதுவெதுப்பான பாகில் போட்டு ஒரு இரவு.

உருட்டிய உடனே பொரித்ததையும், ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம் வைத்துப் பொரித்ததையும் மறுநாள் காலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டினோம். பழைய முறையில் காத்திருந்ததன் நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கட்டி இருந்தது. புதியதில் பூரணம் வரைக்கும் பாகு போயிருந்தது. துளைகளும் சிறியவையாக, சீராக இருந்தன. சுவையில்தான் எனக்குப் பயம். பைரோபாஸ்பேட் மிஞ்சினால் நாக்கில் லேசான உலோகச் சுவையும் பல்லில் ஒருவித வழவழப்பும் வரும். பாகில் ஊறிய, ஏலக்காய் போட்ட பேடாவில் அது தெரியவில்லை. பாகில்லாத பேடாவை வெறுமனே மென்றால் கொஞ்சம் தெரிகிறது. எனவே இதே கணக்கை உப்புப் பண்டங்களுக்கு அப்படியே கொண்டுபோக நான் சொல்லமாட்டேன்.

இந்த வேலையில் இருந்தபோது வீட்டிலிருந்த பொட்டலங்களை எல்லாம் திருப்பிப் படித்தேன். பாஸ்பேட் இவ்வளவு இடத்தில் இருக்கும் என்று நினைக்கவில்லை. கோலாவில் 338, அது பாஸ்பாரிக் அமிலமே. சீஸ் துண்டுகளில் 339, 452. உறையவைத்த உருளைக்கிழங்கு விரலில் எங்கள் பழைய நண்பர் 450. அங்கே அவர் உப்பவைப்பதில்லை, கிழங்கிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு வெந்த பிறகு சாம்பல் நிறம் வராமல் காக்கிறார். சாசேஜில் 451, இறைச்சிப் புரதத்தை இளக்கித் தண்ணீரைப் பிடித்துவைக்க. கட்டிதட்டாமல் இருக்கவேண்டிய பொடிகளில் 341. பெரும்பாலான இடங்களில் அடிப்படை வேலை ஒன்றுதான், கால்சியம் போன்ற உலோக அயனிகளைக் கவ்விக்கொள்வது. சீஸில் கால்சியம்தான் கேசீன் புரதத்தை இறுகப் பிடித்திருக்கிறது. பாஸ்பேட் அந்தக் கால்சியத்தை இழுத்துக்கொண்டால் கேசீன் தளர்ந்து கொழுப்பைத் தாங்கிக்கொள்ளும், சூடாக்கினாலும் எண்ணெய் பிரியாது. 1911 இல் சுவிட்சர்லாந்தில் இதை முதலில் சிட்ரேட் உப்பை வைத்துச் சாதித்தார்கள். எங்கள் போர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன், வழக்கமாகத் திரிந்துபோகும் சோப்பு நுரைத்தது. அதுவும் கால்சியத்தைக் கவ்வும் அதே வேலைதான்.

இனி சொல்வதைத் தயவுசெய்து தாண்டிப் போகவேண்டாம். இது சிறுநீரக நோயாளிகளுக்கு உரியதல்ல. இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971 இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. இன்றும் அந்தச் சிகிச்சைக்காக எங்கெங்கிருந்தோ வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பங்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். எங்கள் சொந்தத்திலும் டயாலிசிஸில் ஒருவர் இருக்கிறார். பாலிலும் இறைச்சியிலும் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸில் உடல் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம், பருப்பு தானியங்களில் இன்னும் குறைவு. சேர்க்கைப் பொருளாக வரும் பாஸ்பேட் உப்பில் 90 சதவீதம் வரை இரத்தத்துக்குப் போய்விடுகிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் பாஸ்பேட் ஏறினால் எலும்பிலிருந்து கால்சியம் கழன்று இரத்தக் குழாய்ச் சுவர்களில் படியும்.

எங்கள் பேடாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கிராம் பைரோபாஸ்பேட்டில் சுமார் 560 மில்லிகிராம் பாஸ்பரஸ். அரைக் கிலோ கோவாவுக்கு முப்பது பேடா வந்தால் ஒன்றுக்கு 19 மில்லிகிராம். அரைக் கிலோ கோவாவே இரண்டு லிட்டருக்கு மேல் பாலைச் சுண்டவைத்தது, அதில் இயற்கையாகவே இரண்டு கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 இல் வகுத்த அளவு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம். ஆரோக்கியமானவருக்கு விசேஷ நாளில் இரண்டு பேடா பெரிய விஷயமில்லை. டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு நாள் முழுவதற்குமே 800 முதல் 1000 மில்லிகிராமுக்குள் நிற்கச் சொல்வார்கள், அவருக்குக் கோவா இனிப்பே வேண்டாம். அவருக்கென்று அண்ணி தனியாக வேறு பலகாரம் செய்தார். லேபிளில் எண் மட்டும்தான் இருக்கிறது, எத்தனை மில்லிகிராம் என்று போடுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த வீடுகளில் உள்ளவர்கள் 338 முதல் 341 வரையும், 450 முதல் 452 வரையும் உள்ள எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கடையிலேயே பொட்டலத்தைத் திருப்பி வைத்துவிடலாம்.

நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து கிலோ கோவா, ஒன்றரைக் கிலோ மைதா, சோடா 20 கிராம், பைரோபாஸ்பேட் 20 கிராம். மாவை ஒரே முறையில் பிசையாமல் இரண்டாகப் பிரித்தோம், உப்பு காத்திருந்தாலும் கோவா காய்ந்துபோகும் என்பதற்காக. மேல்தோல் காய்ந்தால் அந்த விரிசலுக்கு மருந்தில்லை. பந்தியில் முதல் பந்தி, கடைசிப் பந்தி என்று வித்தியாசம் இல்லாமல் போனது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் அண்ணியைக் கூப்பிட்டு, "எந்தக் கடையில சொன்னீங்க?" என்று கேட்டார். அண்ணி சோடா, பாஸ்பேட் எதையும் சொல்லாமல், "வீட்ல செஞ்சதுதாங்க" என்றார்.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு: 40 தரம்தான் கிடைத்தது என்றால், உருட்டியதை அரை மணிக்குள் பொரித்துவிடும்படி சிறு சிறு ஈடாகப் பிசையுங்கள். கோவா புளித்திருந்தால் பைரோபாஸ்பேட்டை அரைக் கிலோ கோவாவுக்கு ஒன்றரை கிராமாகக் குறைத்து, மஞ்சள் காகிதத்தில் ஒரு பேடாவைச் சோதித்துவிட்டு மீதியைப் பொரியுங்கள். விற்பனைக்குச் செய்வதானால் அந்தப் பண்ட வகைக்கு இந்த உப்புக்கு அனுமதி உண்டா, எந்த அளவுக்கு என்று உணவுப் பாதுகாப்பு விதிகளில் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்கவேண்டும், லேபிளிலும் போடவேண்டும். மீந்த பொடியைச் சோடாவோடு கலந்து வைக்காதீர்கள், ஐப்பசி மழை ஈரம் ஒன்றே அதை வேலைக்கு எழுப்பப் போதும். தனித்தனி டப்பாவில், பெயரும் தரமும் எழுதி ஒட்டி, சர்க்கரை டப்பாவுக்கு எட்டத்தில் வையுங்கள்.